நன்னடத்தைச் சான்றிதழ் பரிந்துரைக் கடிதம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களைப் பற்றி விசாரிக்கக் கிளம்பும் பெற்றோர் கடலூரிலும் புதுச்சேரியிலும் உண்டு. அதற்குள் அந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்திருக்கும். அங்கே விண்ணப்பிக்கக் கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம், முடிவு மார்ச்சில். மே மாதம் வரும் மதிப்பெண், ஏற்கெனவே கிடைத்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உதவும். தேர்வுக் குழு பார்ப்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் ஒன் வரையிலான மதிப்பெண்களை. பின்னாலேயே பிளஸ் டூ அரையாண்டு மதிப்பெண்ணும் போக வேண்டும்.

சிக்கல் பள்ளி அலுவலகத்தில் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தால் பாடவாரி மதிப்பெண் இருக்காது, 'தேர்ச்சி' என்று மட்டும் இருக்கும். பரிந்துரைக் கடிதம் கேட்டால், "நடத்தையும் ஒழுக்கமும் நன்று" என்ற அச்சடித்த தாளில் பெயரை நிரப்பி, சீல் குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். அது நன்னடத்தைச் சான்றிதழ். விண்ணப்பத்தை வாசிக்கும் அதிகாரிக்கு அது ஒரு தகவலும் தராது. மாணவி வகுப்பில் என்ன கேள்வி கேட்டாள், வேதியியல் ஆய்வகத்தில் தவறாக வந்த டைட்ரேஷனை எத்தனை முறை திரும்பச் செய்தாள் என்று இரண்டு பாட ஆசிரியர்கள் அரைப் பக்கமாவது எழுத வேண்டும். அதை அவர்களே தங்கள் மின்னஞ்சல் வழியாகப் பதிவேற்ற வேண்டும். பிரவுசிங் சென்டரில் ஆசிரியர் பெயரில் மாணவரே ஒரு ஐடி தொடங்கி அனுப்பினால், பிடிபட்டால் விண்ணப்பமே போய்விடும்.

அதைவிட முக்கியம், பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. இந்திய விண்ணப்பங்களைப் படிக்கும் அதிகாரியின் மேசையில் டெல்லி, மும்பை சர்வதேசப் பள்ளிகளின் கோப்புகளும் இருக்கும். 600-க்கு 560 என்பது இந்தப் பள்ளியில் முதலிடமா, இருபதாவது இடமா? எத்தனை பேர் 550-ஐத் தாண்டினார்கள், எந்தெந்தப் பாடப்பிரிவு உண்டு என்பதைத் தலைமையாசிரியர் எழுதாவிட்டால் அந்த அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பதாரர் நூறு பேரில் ஏறக்குறைய இருவருக்குத்தான் இடம்.

அடுத்தது பணம். ஆண்டுச் செலவு 85 ஆயிரம் டாலருக்கு மேல். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்களில் மட்டும், நிதியுதவி கேட்டாலும் வெளிநாட்டவரின் தேர்வை அது பாதிக்காது. இதை 'நீட் பிளைண்ட்' என்பார்கள் (நம்மூர் நீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!). ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட பல இடங்களில் உதவி கேட்டது கணக்கில் வரும். அதற்குப் பயந்து 'வேண்டாம்' என்று டிக் செய்துவிட்டு, சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டுகளுக்கும் கேட்க முடியாது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் எனப்படும் பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண்ணுக்கென்று ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. குடும்ப வருமானத்தை வைத்துத்தான் உதவி.

வருமானம் என்றதும் தாசில்தார் சான்றிதழ். உள்ளூர் உதவித்தொகைக்காக ஆண்டுக்கு 72 ஆயிரம் என்று வாங்கி வைத்திருப்பார்கள். பேங்க் பாஸ்புக்கும் பள்ளிக் கட்டண ரசீதும் வேறு கதை சொல்லும். குடும்பத்தின் வரவு, சொத்து விவரம் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற நிதியுதவிப் படிவத்தில் இந்த முரண் பளிச்சென்று தெரியும். பண்ருட்டியில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கு வருமான வரிக் கணக்கு இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் விளைச்சலையும் விற்ற தொகையையும் எழுதி ஒரு விளக்கக் கடிதம் இணைப்பதே நேர்மையான வழி.

முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பாடவாரிப் பதிவேடும் பள்ளிக் குறிப்பும் ஆகஸ்டிலேயே தயாராகிவிடும். பரிந்துரைக் கடிதங்கள் அக்டோபருக்குள் முடிய வேண்டும். நவம்பரில் புயல் சின்னம் உருவானால் கடலூரில் பள்ளி எத்தனை நாள் திறக்கும், கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்