வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஆறு வாரம்

அன்பு மகள் கயலுக்கு,

வீட்டில் படுக்கையாய்க் கிடப்பவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குழு தொடங்கப்போவதாக நீ எழுதி அனுப்பிய தாளைப் படித்தேன், கண்ணு. முதல் வாரம் நரம்பு டாக்டர், அடுத்த வாரம் பிசியோ, மூன்றாவது வாரம் சாப்பாட்டு ஆலோசனை என்று போட்டிருக்கிறாய். அது நோயாளிக்கான வகுப்பு. டாக்டர் வந்து உட்கார்ந்தால் ஆளாளுக்கு ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். இரண்டு மணி நேரமும் மாமியாரின் சர்க்கரை அளவிலேயே கரைந்துபோகும். மருமகளுக்கு இரவு எத்தனை மணி நேரம் தூக்கம் என்று கேட்க ஆள் இருக்காது.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் உருவான ‘பவர்ஃபுல் டூல்ஸ் ஃபார் கேர்கிவர்ஸ்’ வகுப்பு இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆறு வாரம், வாரம் ஒரு நாள், பயிற்சி பெற்ற இரண்டு பேர் சேர்ந்து நடத்துவது. குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது எல்லாம் அதன் பாடமில்லை. பார்த்துக்கொள்கிறவரின் களைப்பு, கோபம், குற்றவுணர்வு, உதவி கேட்கும் விதம் இவைதான் பாடம். அந்தக் கட்டமைப்பை எடுத்துக்கொள். ஒரே ஒரு நாள் மட்டும் நோயாளியைத் தூக்கி எழுப்பும் பயிற்சிக்குக் கொஞ்சம் இடம் விடு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

8 பேருக்குக் குறையாமல், 12 பேருக்கு மிகாமல் சேர். மறதி நோய், பக்கவாதம் இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்காரலாம். மனநோய் உள்ளவரை வைத்திருக்கும் குடும்பங்களை இதில் கலக்காதே. அவர்களுடைய பயமும் ஊர்ப்பேச்சும் வேறு மாதிரி. வளர்ச்சி குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு உலக சுகாதார நிறுவனம் தனியாகவே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது: 9 குழு அமர்வுகள், 3 முறை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது.

நேரம் காலை 10.30 முதல் 12.30 வரை. அதற்குள் குளியல், டிபன், மாத்திரை முடிந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சாயங்காலம் வேண்டவே வேண்டாம். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் தடுமாற்றம் கூடும்.

இந்தக் குழுக்கள் பாதியில் கலைவதற்குப் பெரிய காரணம் பாடம் அல்ல, வீட்டில் மாற்று ஆள் இல்லாததுதான். பெயர் பதியும்போதே கேள்: “அந்த நேரம் வீட்டில் யார் இருப்பார்கள்?” பதிலாக ஒரு பெயர் வர வேண்டும். “பார்த்துக்கலாம்” என்றால் அவர் மூன்றாவது வாரம் வர மாட்டார். யாருமே இல்லாத வீட்டுக்கு ஆயாவை அமர்த்தும் கூலியை உன் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுது. டீ, பேனர் எல்லாம் அதற்குக் கீழே. மாற்று ஆளுக்கு அரைப் பக்கத் தாள் போதும்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, படுத்த நிலையில் எதுவும் ஊட்டக்கூடாது, யாருக்குப் போன் செய்வது. முந்தின நாள் ஒரு மணி நேரம் அவர் வந்து பழகிவிட்டால் நோயாளியும் மிரள மாட்டார்.

இனி வகுப்பின் உயிர்நாடி. ஒவ்வொரு வாரமும் கடைசி அரைமணியில் ஒவ்வொருவரும் தனக்காக ஒரு காரியம் சொல்ல வேண்டும், நோயாளிக்காக அல்ல. என்ன, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். “இனிமேல் உடம்பைப் பார்த்துக்கிறேன்” என்பது செல்லாது. “செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு 15 நிமிஷம் தெருவில் நடப்பேன்” என்பது செல்லும். பிறகு கேள்: “இதை முடிப்போம் என்று 0 முதல் 10 வரை எத்தனை நம்பிக்கை?” 7-க்குக் கீழே சொன்னால் காரியத்தைச் சின்னதாக்கு: 10 நிமிஷம், இரண்டு நாள். அடுத்த வாரம் முதல் வேலையே அது நடந்ததா என்று கேட்பது. நடக்காவிட்டால் திட்டாதே, நீயே வழியும் சொல்லாதே. எது தடுத்தது என்று கேட்டுவிட்டுக் குழுவிடம் விடு. நம் பெண்கள் பெரும்பாலும் “எனக்குன்னு என்ன இருக்கு” என்றுதான் ஆரம்பிப்பார்கள். தள்ளிப்போட்ட பல் வைத்தியம், தீர்ந்துபோன பிரஷர் மாத்திரை, இவற்றிலிருந்து பிடி.

உதவி கேட்பதை வாய்விட்டே பழகச் சொல். “யாராவது கொஞ்சம் உதவக்கூடாதா” என்பதை உறவுக்காரர்கள் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. “தம்பி, ஞாயிறு மூணு மணியிலிருந்து ஆறு மணிவரை அப்பாகிட்ட நீ இரு” என்றால் சரி அல்லது முடியாது என்று சொல்லியாக வேண்டும்.

நான்காவது வாரம் மட்டும் பிசியோவைக் கூப்பிடு, அரைமணி. காரணம் நோயாளி அல்ல, தூக்குகிறவளின் இடுப்பு. நாற்காலியை நோயாளியின் பலமுள்ள பக்கம் போட்டு, சக்கரத்தைப் பூட்டி, அவர் பாதங்கள் தரையில் பதிந்தபின், இடுப்பில் சுற்றிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, தன் முட்டியை மடக்கி எழுப்புவது. முதுகை முறுக்காமல் காலை நகர்த்தித் திரும்புவது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் பக்கவாதம் வந்த தோள் மூட்டு விலகிப்போகலாம். ஒவ்வொருவரும் செய்து பார்க்காமல் அன்றைக்கு அனுப்பாதே.

குழுவைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணந்தான். “எங்க வீட்ல இதைவிட மோசம்” என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர் வாய் மூடிக்கொள்வார். ஆளுக்கு மூன்று நிமிஷம், கையில் கடிகாரம். மூலிகை மருந்து சிபாரிசு, மெத்தை விற்பனை இரண்டுக்கும் வாசலிலேயே தடை போடு. மனைவிக்காகத் தானே பேசும் கணவரை வேறு வரிசையில் உட்கார வை. அழுதால் உடனே தேற்றாதே, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திரு. சின்ன ஊரில் எல்லாவற்றையும் விட முக்கியம், உள்ளே பேசியது வெளியே போகாதது. ஒரு முறை போனால் குழு முடிந்தது.

முதல் வாரமும் கடைசி வாரமும் ஸாரிட் சுமை வினாத்தாளைக் கொடு; பார்த்துக்கொள்கிறவர் மனதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அளப்பது அது. 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 88. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தனியறையில் வாசித்துக் காட்டு. மதிப்பெண்ணைக் குழுவில் சொல்லாதே. சாகத் தோன்றுகிறது என்றோ, நோயாளியை அடித்துவிட்டேன் என்றோ ஒருவர் சொன்னால் அது குழுவில் பேசி முடிக்கும் விஷயமில்லை. அன்றே அவரோடு தனியாக உட்கார்ந்து 14416-க்குப் போன் போடு. அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மனநல மருத்துவரிடம் போவதானால் கூடவே போ.

உன்னோடு நடத்த இன்னொருவர் வேண்டும் என்பதை மறந்துவிடாதே. ஒருவர் பேச்சை நடத்தும்போது மற்றவர் முகங்களைப் பார்க்க வேண்டும். எழுந்து வெளியே போகிறவர் பின்னால் போகவும் ஒரு ஆள் தேவை. வீட்டில் நோயாளியைப் பார்த்து முடித்த ஒருவர் கிடைத்தால் நல்லது. ஆனால் இழப்பு நடந்து ஓராண்டாவது ஆகியிருக்கட்டும்.

திருத்திய தாளை அனுப்பு, படிக்கிறேன்.

அம்மா