ஈவிட் தொழிற்கல்வி: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். நேற்று மகளுடன் அரிசோனாவின் மேசா நகரில் உள்ள ஈவிட் (East Valley Institute of Technology) என்ற அரசுத் தொழிற்கல்விப் பள்ளியின் வளாகத்துக்குப் போய்வந்தேன். வெல்டிங் பட்டறையில் பதினாறு வயதுப் பிள்ளைகள் தீப்பொறி பறக்க வேலை செய்வதைப் பார்த்தபோது, இதையெல்லாம் 'படிப்பு வராதவர்களுக்கு' என்று நாம் ஒதுக்கிவைப்பது எவ்வளவு பெரிய தவறு என்று உறுத்தியது. பாதி நாள் நம் சாண்ட்லர் பள்ளி, மீதி நாள் அங்கே. ஈவிட்டில் உறுப்பாக உள்ள பள்ளி மாவட்டங்களின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது.

இன்னொன்று. இதை நிர்வகிப்பது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக்குழு. அரிசோனா சட்டப்படி, கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 24 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். யாரும் போய் அமர்ந்து கேட்கலாம். நம் குழுவிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். உடன் வருபவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள், ஒரே காரில் போய்விடலாம்.