செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நம் வட்டார வண்ணமீன் வளர்ப்போர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆடி மாதத்தில் கொளத்தூர் மீன் பண்ணைகளைப் பார்த்து வந்தோம். சுதந்திர தினத்தன்று பள்ளி மாணவர்களுக்குத் தொட்டி பராமரிப்பு பற்றி வகுப்பு எடுத்தோம். டிசம்பரில் வைத்திருந்த கப்பி மீன் போட்டி மழையால் தள்ளிப்போய்ப் பிப்ரவரியில் நடந்தது.

இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான காரியம் என்று நான் நினைப்பது ஏடிஓ (ஆட்டோ டாப்-ஆஃப்) திட்டத்தைத்தான். தொட்டியில் வற்றுகிற தண்ணீரைத் தானாக ஈடுகட்டும் கருவி அது. "தண்ணீர் ஊற்ற ஒரு மெஷினா, அதற்குச் சங்கப் பணமா?" என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்தது. பொதுக்குழுவிலும் அதே கேள்வி வரும் என்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மே மாதம் நம் உறுப்பினர் ஒருவர் ஊர்த் திருவிழாவுக்குப் போனார். தீனி போடப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் போனார். பையனும் சொன்னபடி போட்டான். மேலே கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை இருந்ததால் அவனுக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. கீழே சம்ப் என்கிற துணைத் தொட்டி வைத்த தொட்டியில் அப்படித்தான் இருக்கும். மேல்மட்டம், தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோவின் உயரத்திலேயே நிற்கும். வற்றுவதெல்லாம் கீழே சம்ப்பின் கடைசி அறையில்தான் தெரியும். அந்த அறை வற்றி, தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் காற்றை இழுத்துச் சூடாகி நின்றுபோனது. சுழற்சி நின்ற தொட்டியில், அவர் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த ஜோடி க்ளவுன் மீன்கள் போய்விட்டன. அந்த வாரமே இந்தத் திட்டத்தைச் செயற்குழுவில் வைத்தேன்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் நம்மில் பலர் தொட்டிக்கு மேல் ஃபேன் வைக்கிறோம். ஃபேன் காற்று தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. குளிர்ச்சி கூடக்கூட வற்றுவதும் கூடும். தொட்டியும் சம்ப்பும் சேர்ந்து 250 லிட்டர் கடல்நீர் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் ஓடும் கோடையில் ஒரு நாளைக்கு 5 லிட்டர் வற்றுவது சாதாரணம். போவது வெறும் தண்ணீர். உப்பு அப்படியே தங்கிவிடும். நான்கு நாளில் 20 லிட்டர் போனால், ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பு 38 ஆகிவிடும். அப்புறம் ஊரிலிருந்து வந்தவர் பதறிப்போய் ஒரே மூச்சில் 20 லிட்டரைக் கொட்டினால் மீனுக்கு அது இரண்டாவது அடி. ஏடிஓ இருந்தால் கொஞ்சம் குறைந்த உடனே கொஞ்சம் ஊற்றிவிடும். உப்பு ஏறவும் செய்யாது, திடீரென்று இறங்கவும் செய்யாது.

கருவியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கடைசி அறையில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் (மிதவை சுவிட்ச்), அதன்படி பம்ப்புக்கு மின்சாரம் விடும் ஒரு ரிலே, 12 வோல்ட் சிறு பம்ப், பக்கத்தில் ஆர்.ஓ. தண்ணீர் கேன். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கி, அதிலுள்ள காந்தம் தண்டுக்குள் இருக்கும் தொடுப்பைச் சேர்க்கும்; பம்ப் ஓடும். மட்டம் ஏறியதும் நிற்கும். கடையில் வரும் விலை கூடிய கருவிகளில் மிதவைக்குப் பதில் ஒளி சென்சார் இருக்கும். அசையும் பாகம் இல்லாதது அதன் வசதி. ஆனால் அதன் முனையில் பாசி படிந்தாலோ நீர்க்குமிழி ஒட்டினாலோ அதுவும் ஏமாறும்.

இவ்வளவுதானே, ஆன்லைனில் வாங்கி மாட்டிக்கொள்ள மாட்டோமா என்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த செட்டைக் கட்டிப் பழக நாம் நடத்திய பட்டறையில் ஒரு உறுப்பினர் தன் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த சுவிட்சைப் பார்த்தோம். பயறளவு நத்தை ஒன்று மிதவைக்கும் தண்டுக்கும் நடுவே ஏறி உட்கார்ந்திருந்தது. மிதவை மேலே வர வழியே இல்லை. விரலால் தள்ளிப் பார்த்தால் உப்புப் பொருக்கு வேறு நறநறவென்றது. அந்த நிலையில் பம்ப் நிற்காது. கேனில் தண்ணீர் இருக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதற்கு எந்தக் கருவியும் போதும். ஊற்றத் தொடங்கியது நிற்காமல் போனால் என்ன செய்வது என்பதைத்தான் நம் திட்டத்தில் முதலில் யோசித்தோம்.

அதனால் நாம் கட்டிய செட்டில் முதல் சுவிட்சுக்கு மேலே இரண்டாவதாக ஒன்று உண்டு. முதலாவது மாட்டிக்கொண்டாலும் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். பம்ப் ஒரே மூச்சில் 3 நிமிடத்துக்கு மேல் ஓடாதபடி டைமர் வைத்தோம். சுவிட்சைச் சுற்றி நத்தை ஏறாமல் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்க் கவசம் போட்டோம். கேன் அளவும் பாதுகாப்பில் சேர்ந்ததே. 20 லிட்டர் கேன் மொத்தமும் கொட்டினாலும் 250 லிட்டர் தொட்டியில் உப்பு 32-க்குக் கீழே போகாது. வாரக் கணக்கில் கவலை வேண்டாம் என்று 100 லிட்டர் டிரம் வைத்து அது முழுவதும் இறங்கினால் 25-க்கு வந்துவிடும், பவளம் தாங்காது. 2 அடிக்கு 1 அடி சம்ப்பில் 20 லிட்டர் விழுந்தால் மட்டம் கிட்டத்தட்ட 11 செ.மீ. உயரும். கரண்ட் போனால் மேலிருந்து வடியும் தண்ணீருக்கும் இடம் வேண்டும். இரண்டையும் கூட்டி, சம்ப்பில் காலியிடம் விட வேண்டும்.

சைஃபனை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். கேனை உயரமான ஸ்டூலில் வைத்து, ட்யூப் முனையைச் சம்ப் தண்ணீருக்குள் விட்டால், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். எந்த சென்சாராலும் அதைத் தடுக்க முடியாது. ஓர் உறுப்பினர் வீட்டில் இப்படி ஒரே இரவில் கேன் காலியாகி, கேபினட் பிளைவுட் ஊதிப்போனது. கேன் சம்ப் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். ட்யூப் முனை தண்ணீருக்கு மேலே தொங்கட்டும். ஓவர்ஃப்ளோவின் சீப்புப் பல் இடுக்கில் பாசி அடைத்தாலும் சம்ப் மட்டம் இறங்கும். வற்றிவிட்டது என்று நினைத்து ஏடிஓ ஊற்றும். மேல் தொட்டி வழியும். ஆகவே அந்தப் பல்லையும் வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும். கேனில் சுண்ணாம்பு நீர் கலப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பூரிதமான சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும், சுவிட்ச் சிக்கிக்கொண்டால் தொட்டி மொத்தமும் போகும்.

நன்னீர் வளர்ப்பவர்களும் இது நமக்கில்லை என்று இருந்துவிடக் கூடாது. மட்டம் இறங்கினால் தொங்கும் ஃபில்டர் நின்றுபோகும். டிஸ்கஸ் மீன் தொட்டியில் ஹீட்டர் வெளியே தெரிந்து சூடேறி, மேலே குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதன் கண்ணாடி வெடிக்கும். போர் தண்ணீரையே ஊற்றி வந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். வாராந்திரத் தண்ணீர் மாற்றத்துக்கு ஏடிஓ ஈடாகாது. கேனுக்கு மூடி கட்டாயம். திறந்த நன்னீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

இவ்வளவையும் கையோடு செய்து பழகத்தான் ஞாயிற்றுக்கிழமை பட்டறை வைத்தோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் கூட வரவில்லை. வர முடியாது என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவர்கள் எண்ணிக்கைக்கும் சேர்த்து சுவிட்சும் ரிலேயும் வாங்கியிருக்க மாட்டோம். வந்தவர்கள் மாலை வரை இருந்து, சால்டரிங் முடித்து, வாளியில் மிதவையைக் கையால் அமுக்கிப்பிடித்து இரண்டாவது சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே கிளம்பினார்கள். அந்த செட் போட்ட வீடுகளிலிருந்து இந்தக் கோடையில் ஒரு புகாரும் வரவில்லை. சங்கப் பணம் வீண் போகவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

சந்தா நிலைமை சொல்லும்படி இல்லை. இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். நள்ளிரவில் மீன் கவிழ்ந்து கிடக்கிறது என்று படம் அனுப்பினால் அந்த நேரத்திலும் யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து பதில் சொல்கிறார். சந்தா நினைவூட்டலுக்கு மட்டும் யாரிடமிருந்தும் பதில் வருவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு; திட்டத்துக்கு முன்பணம் போட்டதும் சந்தா வராததுமே காரணம். கணக்குப் புத்தகத்தை யாரும் பார்க்கலாம்.

மாடியைப் பட்டறைக்குத் தந்த துணைத்தலைவருக்கும், வயரிங் பொறுப்பை ஏற்ற எலக்ட்ரீஷியன் நண்பருக்கும், போட்டிக்குப் பரிசு தந்த கடைக்காரர்களுக்கும், பொறுமையாக இருந்த நம் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இன்னொரு பட்டறை நடத்த ஆசை இருக்கிறது. வராதவர்களுக்காக வாங்கிய சாமான்கள் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் இப்போதுள்ள பணக் கையிருப்பை வைத்துக்கொண்டு பம்ப் வாங்க முடியாது. மூன்று நான்கு பேரை மட்டும் நம்பி இன்னொரு ஆண்டை ஓட்டவும் முடியாது. செயலாளர் பொறுப்புக்கு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். இதே ஆள் தொடரட்டும் என்று நினைத்தால், கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது பொருளாளர் மேசையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ரசீதுப் புத்தகம் அங்கே இருக்கும். பட்டறைக்குப் பெயர் கொடுப்பவர்கள் தங்கள் சம்ப்பின் நீள அகலத்தையும், கடைசி அறையின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வரவும்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்