தேர்வுக்கென்று அனுப்பிய கார் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஓட்டுநர் தேர்வுக்கு முன்பதிவு செய்த கார் தேர்வுக்கே தகுதியற்றதாக வந்தது, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டல்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்ற ஒரே பதில், அனுப்பிய நிமிடமே வந்து சேர்ந்தது. ஆகவே இம்முறை கருத்து எதுவும் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் 'தேர்வு நாள் கார்' திட்டத்தை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. இடது, வலது இரு பக்கமும் பிரேக், தேர்வு அதிகாரி பின்னால் பார்க்கத் தனிக் கண்ணாடி, தேர்வுக்கும் செல்லும் காப்பீடு என்று விளம்பரத்தில் போட்டிருப்பவர்கள் நீங்கள்தான். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது முதுகுவலியால் படுத்துவிட்டார். மற்றப் பயிற்றுநர்கள் தங்கள் மாணவர்களுக்கே கார் போதவில்லை என்று கைவிரித்தார்கள். தோழியின் காரைக் கேட்கலாம் என்றால், அவளுடைய காப்பீட்டில் பழகுநர் உரிமத்தோடு ஓட்டுபவருக்கு இடமில்லை. வேறு வழியில்லாமல்தான் உங்களிடம் வந்தேன்.

முதல் அழைப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உங்கள் ஊழியர் என் முழு ஓட்டுநர் உரிம எண்ணைக் கேட்டார். அதை வாங்குவதற்காகத்தான் கார் கேட்கிறேன் என்றேன். "எண் இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது, மேடம்" என்றார். உரிமம் இருந்தால்தான் கார், கார் இருந்தால்தான் உரிமம்! இதை யாராவது ஒருவர் உங்கள் அலுவலகத்தில் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பார்களா? பிறகு மேற்பார்வையாளர் ஒருவர் வந்து ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிட்டு, "எல்லாம் சரியாகிவிட்டது" என்றார். எந்த எண்ணைத் தட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் விளைவுதான் தேர்வு மையத்தில் வெளிவந்தது.

அதற்குள் ஆட்டோமேட்டிக் காரை என் தலையில் கட்டப் பார்த்தீர்கள். "கியரே இல்லை, இன்னும் சுலபம்" என்றார்கள். அதில் தேர்ச்சி பெற்றால் என் உரிமமும் ஆட்டோமேட்டிக்கோடு நின்றுவிடும் என்பது கார் வாடகைக்கு விடுபவர்களுக்குத் தெரியாதா? ஏழு மாதம் கிளட்ச் பிடித்துப் பழகிய கால் இது.

தேர்வன்று காலை கார் வந்தது, நாற்பது நிமிடம் தாமதமாக. கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று நான்கு தெரு சுற்றிப் பார்க்கலாம் என்றிருந்தேன். அதற்கும் நேரமில்லை. ஓட்டி வந்தவர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் முகப்புப் பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்ன அது என்று கேட்டேன். "அது எப்போதும் எரியும், மேடம். ஏபிஎஸ் விளக்கு. கண்டுகொள்ளாதீர்கள்" என்றார். திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்புதான் ஏபிஎஸ்.

தேர்வு அதிகாரி கண்டுகொண்டார். காரில் ஏறும் முன்பே குனிந்து விளக்கைப் பார்த்தார், பின் டயரைத் தடவினார். மொட்டை! டயர் வரிகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி, கற்றுக்குட்டியான எனக்கே இது தெரியும். கடைசியாகக் காப்பீட்டுத் தாளைக் கேட்டார். அதில் 'முழு உரிமம் பெற்று ஓராண்டு நிறைந்தவர் மட்டும்' என்று அச்சிட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பரிதாபம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. நான் சாவியைத் திருப்பவே இல்லை. தேர்வில் தோற்றது உங்கள் கார். தேர்வுக் கட்டணம் போனது எனக்கு. அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து.

இவ்வளவையும்கூடப் பொறுத்திருப்பேன். அன்று மாலை தொலைபேசியை எடுத்த அந்த நபரைத்தான் பொறுக்க முடியவில்லை. பெயர் கேட்டதற்கு, "பெயரெல்லாம் எதற்கு?" என்றார். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இத்தனை வயது வரை ஓட்டாமல்தானே இருந்தீர்கள், இன்னும் மூன்று மாதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது?" பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கு 47 வயது. இந்த வயதில் கற்றுக்கொள்ளக் கூடாது என்று உங்கள் விளம்பரத்தில் எங்கேயும் போடவில்லை.

ஆ, இன்னொன்று. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு சரியான காப்பீட்டுத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள் என்று என்னை இரண்டு பஸ் மாறிக் கிளைக்கு வரவழைத்தீர்கள். அங்கே கதவில் பூட்டு. எனக்கு ஓட்டத் தெரியும், ஓட்ட உரிமமில்லை. அதனால்தான் பஸ்ஸில் வந்தேன் என்பதையும் கவனிக்கவும்.

உங்களால் என் வாழ்க்கையில் ஓர் ஆண்டு வீணாகிவிட்டது. உரிமம் கேட்கும் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அது கைநழுவினால் (இன்னும் நழுவவில்லை) அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

தயவுசெய்து கார் வாடகை, தேர்வுக் கட்டணம் இரண்டையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள். அந்தத் தொலைபேசி நபர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அழைப்புகளைப் பதிவு செய்வதாக ஒவ்வொரு முறையும் நீங்களே அறிவிக்கிறீர்கள், ஆகவே ஆளைக் கண்டுபிடிப்பது கடினமாக இராது. பதினான்கு நாள் பார்ப்பேன். அதன்பின் நுகர்வோர் மன்றத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதே கடிதம் போகும். தாளில் இருந்த வாசகத்தின் புகைப்படமும் கூடவே போகும். அந்நிலை வராது என்றே இன்னமும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்து ஏமாந்த வாடிக்கையாளர்

பி.கு.: கருத்துக்கு நன்றி என்று மட்டும் பதில் அனுப்பாதீர்கள். அந்த மஞ்சள் விளக்கையாவது முதலில் சரிசெய்யுங்கள். அடுத்த வாரமும் அதே காரை யாரோ ஒருவர் தேர்வுக்கு எடுத்துப்போகப்போகிறார்.