காதால் வைக்கும் பம்ப் டைமிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்ககிரியில் 31 ஆண்டுகளாக லாரி என்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் டீசல் பம்ப்பில் வேலை பார்த்து வருகிறேன். கரும்புகை விடும் லாரிகளுக்கு அபராதம் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புகையின் வேர் பல வண்டிகளில் பட்டறையில்தான் இருக்கிறது.

சென்ற மாதம் பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றை என்னிடம் கட்டி இழுத்து வந்தார்கள். தொப்பூர் ஏற்றத்தில் இழுவை இல்லையென்று வழியில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார்கள். அங்கே பம்ப்பின் போல்ட்களைத் தளர்த்தி, சத்தத்தைக் காதால் கேட்டே டைமிங்கை, அதாவது சிலிண்டருக்குள் டீசல் பாயும் நேரத்தை, அட்வான்ஸ் செய்து முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு வாரம் வண்டி நன்றாக இழுத்ததாம். நான் ஹெட்டைக் கழற்றியபோது நான்காவது பிஸ்டனின் தலையில் விரல் பதியும் அளவுக்கு உருகிய பள்ளம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகியதுதான் மூலக் கோளாறு. அதைத் தொடாமல் டைமிங்கையும் கூட்டியதில், இரண்டும் சேர்ந்து பிஸ்டனைத் தின்றுவிட்டன. உரிமையாளர் தவணை கட்டிக்கொண்டிருப்பவர். பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பம்ப் ஒரு சுற்று சுற்றினால் என்ஜின் இரண்டு சுற்று சுற்றும். பம்ப்பை ஒரு டிகிரி நகர்த்தினால் என்ஜினில் அது இரண்டு டிகிரி. இதைக் காது எப்படி அளக்கும்? முறையான வழி ஒன்றும் கடினமில்லை. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனுக்குக் கொண்டுவந்து, பம்ப்பில் அதன் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, வளைந்த சிறு குழாயைப் பொருத்த வேண்டும். கைப்பம்ப்பை அடித்தால் டீசல் நூலாக வழியும். என்ஜினோடு சுற்றும் பிளைவீல் சக்கரத்தை மெல்லச் சுற்றச் சுற்ற நூல் அறுந்து சொட்டாகும். சொட்டும் நிற்கிற அந்த இடத்தில், பிளைவீல் குறி கம்பெனி சொன்ன டிகிரியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பம்ப்பை நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். நான் மூன்று முறை பார்க்காமல் போல்ட்டை இறுக்குவதில்லை. பொறுமைதான் வேண்டும்.

புகைச் சோதனைக்குப் போகுமுன் பம்ப்பில் டீசல் அளவைக் குறைப்பதும், சான்றிதழ் கைக்கு வந்ததும் கூட்டுவதும் இன்னொரு கொடுமை. என்னிடம் அப்படிக் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். டீசல் அளவை யாரும் மாற்றாதபடி பம்ப்பில் வைத்த சீல் உடைந்திருக்கிறதா என்பதையும் சோதனை மையங்கள் பார்த்தால் இது பெருமளவு குறையும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபின் புது லாரிகளில் டைமிங்கைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அதற்காகப் பழைய லாரிகள் சாலையை விட்டுப் போய்விடவில்லை. ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் படிப்பை முடித்து என்னிடம் வேலைக்கு வந்த பிள்ளைகள் நால்வரில் ஒருவர்கூட இந்தச் சொட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. தேர்வுக்கு முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது தம் கையால் டைமிங் வைக்க அரசு வழிசெய்ய வேண்டும். எந்த ஐ.டி.ஐ. அழைத்தாலும் என் பட்டறையில் இருக்கும் பழைய பம்ப்புடன் வந்து, காசு வாங்காமல் சொல்லித்தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு டீசல் பம்ப் மெக்கானிக்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.