பில்ட் லாக்கில் நிறம் இருந்துவிட்டுப் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பில்ட் லாக்கை (நிரலை மென்பொருளாகக் கட்டும்போது வரும் செய்திகளின் பதிவு) சேமிக்கும்போது, அதிலுள்ள டெர்மினல் நிறக்குறிகளை (கட்டளைத் திரையில் எழுத்துக்கு நிறம் கொடுக்கச் சொல்லும் குறிகள்) ஒன்றுவிடாமல் துடைத்துவிட வேண்டும் என்று உங்கள் கணினிப் பகுதியில் எழுதியிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் அடிபட்டவன்தான்.

ஒருநாள் ராத்திரி பில்ட் விழுந்துவிட்டது. லாக்கை இறக்கி, திரையில் பார்த்த ஜிசிசி கம்பைலரின் பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் கிரெப் என்ற தேடல் கட்டளையில் கொடுத்துத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. கண்ணெதிரே இருக்கிற வரி! ரொம்ப நேரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. ஜிசிசி 'எரர்:' என்பதைச் சிவப்பாக்கிவிட்டு, உடனே பழைய நிறத்துக்குத் திரும்பு என்று ஒரு குறியை வைக்கிறது, அது 'எரர்:' என்பதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டெர்மினலில் அது தெரியாது. சாதாரண எடிட்டரில் திறந்தால்தான் சதுர அடைப்பு, 01, அரைப்புள்ளி, 31, எம் என்று பக்கம் முழுக்கக் கொட்டிக் கிடப்பது தெரியும்.

சரி, அதற்காகத் துடைத்துவிடலாமா? இந்தக் குறிகள் தானாக வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா கோப்புக்குப் போகிறதா என்று பெரும்பாலான கருவிகள் முதலில் பார்த்துக்கொள்ளும், கோப்பு என்றால் நிறத்தை விட்டுவிடும். ஆக லாக்கில் நிறம் இருக்கிறது என்றால் பெரும்பாலும் யாரோ 'ஆல்வேஸ்' (எப்போதும் நிறம் காட்டு) என்று வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். பல்லாயிரம் வரிகளை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த ஒரு சிவப்பு வரி கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான்.

சில இடங்களில் நிறமே தகவல். நிரலின் பழைய, புதிய வடிவங்களை ஒப்பிட்டுக் காட்டும் கிட் டிஃப் கட்டளையில் கலர்-வேர்ட்ஸ் என்ற விருப்பத்தைப் போட்டுப் பாருங்கள், பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வரும், கூட்டல் கழித்தல் குறி எதுவும் இருக்காது. எது போனது, எது வந்தது என்பதைச் சிவப்பும் பச்சையும்தான் சொல்கின்றன. அதைத் துடைத்துவிட்டால் வரி உளறலாகிவிடும். துடைப்பது செட் என்ற உரைதிருத்தும் கட்டளையில் ஒரு வரி வேலை, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். துடைத்த நிறத்தை அந்தக் கோப்பிலிருந்து திரும்ப எடுக்க வழியில்லை. (சிவப்பு-பச்சை பிரித்தறியச் சிரமப்படுகிறவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவர். அதனால் நிறத்தை மட்டும் நம்பிச் சேதி சொல்கிற கருவிகளோடு எனக்கும் சண்டை உண்டு, அது வேறு கதை.)

துடைக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. கர்சரை மேலே நகர்த்து, வரியை அழி, ஜன்னலின் தலைப்பை மாற்று என்று சொல்லும் குறிகளும், சதவீதம் ஏறஏற அதே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும் முன்னேற்றப் பட்டையும். டெர்மினலில் ஒற்றை வரியாகத் தெரியும் பட்டை, கோப்பில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் குவிந்துவிடும். அதைப் பின்னால் படிக்கிறவருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. நிறக்குறியும் இவையும் ஒரே குடும்பம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே துடைப்பத்தால் கூட்டிவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தை ஊரெல்லாம் பரப்பியது 1978-இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவி, அதற்கே நிறத் திரை கிடையாது என்பது தனி வேடிக்கை.

நிறமே பிடிக்காதவர்களுக்கு 2017-இலிருந்து நோ-கலர் என்ற சூழல் மாறி (கருவிகள் படித்துக்கொள்ளும் ஒரு அமைப்பு) ஒன்று புழக்கத்தில் இருக்கிறது, நிறைய கருவிகள் அதை மதிக்கின்றன. அவரவர் தன் டெர்மினலில் வைத்துக்கொள்ளட்டும், எல்லோருக்கும் பொதுவான சர்வரில் வேண்டாம்.

அந்த ராத்திரிக்கு அப்புறம் எங்கள் குழுவில் லாக்கை நிறத்தோடு அப்படியே வைத்துவிட்டு, பக்கத்திலேயே நிறம் நீக்கிய நகல் ஒன்றும் போட்டுவிடுகிறோம். கிரெப் அந்த நகலில். படிப்பதற்கு, கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் கட்டளையில் பெரிய ஆர் சேர்த்தால் நிறம் வந்துவிடுகிறது. இதற்கு ஆன செலவு ஸ்கிரிப்டில் இரண்டு வரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்