மாப்பூ மாளிகையும் நம் பாட்டன்மாரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் மொரிஷியஸின் வடக்கே, மாப்பூவில் உள்ள லபூர்தொனே மாளிகைக்குப் போன வாரம் பேரப்பிள்ளைகளோடு போயிருந்தேன். 1859இல் கரும்புத் தோட்ட உரிமையாளர் கிறிஸ்டியன் வியே கட்டி முடித்த வீடு. பெரும்பாலும் தேக்கு. கீழும் மேலும் தூண் வரிசையோடு அகலமான தாழ்வாரம்; வெயில் உள்ளே இறங்காது, காற்று மட்டும் தாராளமாக வரும். பழுதுபார்த்து 2010இல் திறந்தார்கள், அருமையான வேலை.

மாளிகை தாங்கும் பெயரும் நமக்கு அந்நியமில்லை. புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை இந்தத் தீவுக்குக் கூட்டிவந்த பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனேயின் பெயர் அது. அப்புறம் 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்து கரும்பு வெட்டியவர்களிலும் நம்மவர்கள் உண்டு. பெரியவர்களிடம் இருக்கும் பழைய தோட்டத்துப் படங்களையும் கதைகளையும் உங்கள் இதழ் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும்.

ஒரு வாசகர், குட்லேண்ட்ஸ்